ஜிப்சம் போர்டுச் சுவரில் டெக்ஸ்ச்சர்: பழையதை எடுப்பதும் புதியதை அடிப்பதும்

அவினாசிக்காரர் கேட்டது:

வணக்கம். அவினாசியிலிருந்து திருப்பூர் போகும் வழியில் எங்கள் வீடு இருக்கிறது. மாடிக்கூடத்தை என் மாமனார், பனியன் சாம்பிள்களை வைத்துக் காட்டும் அலுவலகமாகப் பல ஆண்டுகள் பயன்படுத்தி வந்தார். 2015-இல் அந்தக் கூடத்தின் நடுவே தகரச் சட்டம் நிறுத்தி, இரு பக்கமும் ஜிப்சம் போர்டு அடித்து ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். பனியன் வாங்க வருகிற பையர்கள் பார்த்து மெச்ச வேண்டும் என்று அதன் ஒரு பக்கத்தில், மேலிருந்து கீழாக மழைத்தாரை போல வரிவரியாக இழுத்த டெக்ஸ்ச்சரையும் அடித்தார்கள். சுவரின் நீளம் 14 அடி, உயரம் 10 அடி. வரிகளின் ஆழம் சில இடங்களில் 2 மி.மீ., சில இடங்களில் 3 மி.மீ. வரை இருக்கிறது.

இப்போது அந்த அறையை மகளுக்குக் கொடுக்கப் போகிறோம். கட்டிலை அந்தச் சுவரை ஒட்டித்தான் போட வேண்டியிருக்கிறது. தூக்கத்தில் புரண்டால் முழங்கை சிராய்த்துவிடும் என்பது ஒன்று. எங்கள் பக்கத்துக் காற்றில் எப்போதும் இருக்கும் பஞ்சுத்தூசி ஒவ்வொரு வரியிலும் நரைத்த மயிர் போலப் படிந்து கிடக்கிறது என்பது இன்னொன்று. துடைத்தால் துணியின் நூல் அதில் மாட்டிக்கொள்கிறது.

வழக்கமாக எங்கள் வீட்டுக்கு வரும் பெயிண்டரை அழைத்துக் காட்டினேன். "தண்ணி தெளிச்சு ஊற வெச்சுச் சுரண்டுனா வந்துருமுங்க" என்று சொல்லி, ஒரு முழ அகலத்துக்கு அப்படியே செய்து பார்த்தார். அரை மணி நேரம் ஊறியும் டெக்ஸ்ச்சர் இளகவில்லை. அழுத்திச் சுரண்டியபோது டெக்ஸ்ச்சரோடு போர்டின் வெள்ளைக் காகிதமும் கிழிந்து வந்து, உள்ளே பழுப்புக் காகிதம் தெரிந்தது. மறுநாள் காலையில் அந்த இடம் பொரிந்த அப்பளம் போல உப்பியிருந்ததைக் கண்டு, வேலையை அத்துடன் நிறுத்திவிட்டேன்.

ஹார்டுவேர் கடையில் கேட்டால், எதையும் எடுக்க வேண்டாம், வெள்ளை சிமெண்ட் பட்டியை மேலே இழுத்துவிடுங்கள் என்கிறார்கள். அமெரிக்க வீடியோக்களைப் பார்த்தால், டெக்ஸ்ச்சரைத் தொடுவதற்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். நமக்கும் அந்த அச்சம் தேவையா? மேலும், அதே அறையில் அலமாரிக்குப் பின்னால் புதிதாக ஒரு சிறிய ஜிப்சம் தடுப்பு வைத்திருக்கிறோம். அதில் மெல்லிய டெக்ஸ்ச்சர் வேண்டும் என்று மகள் ஆசைப்படுகிறாள். பத்து ஆண்டு கழித்து அவளும் இதே கேள்வியோடு நிற்காதபடி அதை எப்படி அடிப்பது? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

சிங்கை ரோலர் எழுதியது:

வணக்கம் சார். சிங்காநல்லூரில் இருந்துகொண்டு பெயிண்டிங் வேலைகளை ஒப்பந்தமாக எடுத்துச் செய்கிறேன். உங்கள் பெயிண்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கை பழகியதெல்லாம் செங்கல் கட்டிச் சிமெண்ட் பூசிய சுவராக இருக்கும். அந்தச் சுவரை நனைத்தாலும் சுரண்டினாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. ஜிப்சம் போர்டு என்பதோ, இரண்டு காகிதங்களுக்கு நடுவில் ஜிப்சத்தை அடைத்து ஒட்டிய பலகை. உங்களுடையது பெரும்பாலும் 12.5 மி.மீ. கனமாக இருக்கும். அந்தக் காகிதம் வெறும் உறை என்று எண்ணிவிடக் கூடாது, பலகையின் வலுவில் பெரும் பங்கு அதனுடையது. மேல்தாளும் ஒற்றைத் தாளன்று, பல மெல்லிய அடுக்குகளை ஒன்றாக அழுத்தியது. வழவழப்பான வெளியடுக்கு இருக்கும்வரை அது ஓரளவு ஈரத்தைத் தாங்கும். அது கிழிந்து உள்ளிருக்கும் பழுப்பு அடுக்கு தண்ணீரைக் குடித்துவிட்டால் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து உப்பும். நீங்கள் பார்த்த அப்பளம் அதுதான்.

ஆகவே முதலில் அந்த இடத்தைக் கவனியுங்கள். நன்றாகக் காய விடுங்கள், ஒரு நாள் கூடுதலானாலும் பரவாயில்லை. பிறகு புதிய பிளேடால் கிழிசலைச் சுற்றிலும், காகிதம் இறுகப் பிடித்திருக்கும் இடம் வரை மேலாகக் கீறி, உப்பியதையும் தளர்ந்ததையும் உரித்துவிடுங்கள். கையால் பிடித்து இழுத்தால் நல்ல காகிதமும் கூடவே வந்துவிடும், அதனால்தான் கீறிக்கொள்ளச் சொல்கிறேன். ஓரத்தில் நிற்கும் பிசிறுகளை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, டர்பன்டைன் கலக்கும் ஆயில் பிரைமரை ஒரு கை, அதாவது ஒரு பூச்சு, பூசுங்கள். இந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கலந்த பிரைமர் கூடவே கூடாது, பூசினால் மறுபடியும் அப்பளம்தான். ஆயில் பிரைமர் காய்ந்து காகிதம் கெட்டியான பிறகே அதன்மேல் பட்டி ஏற வேண்டும்.

இனி முழுச் சுவருக்கு வருவோம். டெக்ஸ்ச்சரில் இரண்டு சாதி உண்டு. போர்டு இணைப்புகளை மூடப் பூசும் ஜாயிண்ட் காம்பவுண்டையே நீர்க்கக் கலந்து அடித்து, மேலே பெயிண்ட் அடிக்காமல் விட்டது ஒன்று. அது தண்ணீர் பட்டால் கால் மணி நேரத்தில் குழைந்து, அகலத் தகட்டை வைத்துத் தள்ளினாலே வழிந்து வந்துவிடும். அமெரிக்க வீடியோக்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதுவே. நம் ஊரில் விற்பதோ அக்ரிலிக் பிசினில் மணலைக் கலந்தது. ஒருமுறை காய்ந்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது. உங்கள் சுவரில் அரை மணி நேரம் ஊறியும் இளகவில்லை என்பதிலிருந்தே அது எந்தச் சாதி என்று தெரிந்துவிட்டது. காகிதம் டெக்ஸ்ச்சரைப் பிடித்திருக்கும் பிடி, காகிதத்துக்குள் அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியைவிடப் பலமாக இருக்கும்போது, எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் காகிதம்தான் முதலில் கிழியும்.

அதனால் முழுவதையும் எடுக்க வேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். மேடுகளை மட்டும் தட்டிவிட்டு, பள்ளங்களை நிரப்பிச் சமப்படுத்துவதே இதற்கு வழி. பட்டித் தகட்டின் இரு முனைகளையும் அரத்தில் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள், கூர்முனைதான் காகிதத்தைக் குத்தும். தகட்டைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து, காய்ந்த நிலையிலேயே வரிகளின் உச்சியை மட்டும் சீவுங்கள். தகடு கிரீச்சிட்டுக்கொண்டு ஓடினால் சரியாக ஓடுகிறது என்று பொருள், திடீரென்று சத்தம் அடங்கி மெத்தென்று இறங்கினால் காகிதத்துக்குள் போகிறது என்று பொருள். சீவி முடித்ததும் 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் ஒரு சுற்றுத் தேய்த்துப் பழைய பெயிண்டின் மினுமினுப்பைப் போக்கி, பிழிந்த துணியால் தூசியைத் துடைத்து, பழைய பெயிண்டின்மேல் பிடிக்கக்கூடிய பிரைமர் என்று கேட்டு வாங்கி ஒரு கை அடியுங்கள்.

கடையில் சொன்ன வெள்ளை சிமெண்ட் பட்டி இந்தச் சுவருக்கு ஒத்துவராது. அது சிமெண்டை நம்பிய சரக்கு. சுவரை நனைத்துவிட்டு இழுக்க வேண்டும், அந்த ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். அக்ரிலிக் பெயிண்டின்மேல் அதற்கு ஈரமும் கிடைக்காது, பிடிப்பும் கிடைக்காது. சில மாதங்களில் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும். எங்கெல்லாம் நனைக்கிறீர்களோ அங்கெல்லாம் போர்டுக்கும் கேடு. டப்பாவில் குழைத்தே வரும் ஜாயிண்ட் காம்பவுண்டையோ, நல்ல அக்ரிலிக் பட்டியையோ வாங்குங்கள்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சுவர் 140 சதுர அடி, அதாவது 13 சதுர மீட்டர். 1 மி.மீ. கனத்துக்கு முழுச் சுவரையும் மூட 13 லிட்டர் சரக்கு வேண்டும். உச்சியைச் சீவிய பிறகு 2 மி.மீ. பள்ளம் மிஞ்சுகிறது என்றும், சுவரில் பாதி பள்ளம் பாதி மேடு என்றும் வைத்துக்கொண்டால், பள்ளத்தை நிரப்பவே 13 லிட்டர் போய்விடும். மேலே இழுக்கும் மெல்லிய கைகளுக்கு இன்னும் ஆறேழு லிட்டர் ஆகும். மொத்தம் 20 லிட்டர் என்றால் எடையில் 30 கிலோவைத் தாண்டும். இதை ஒரே கையில் ஏற்றிவிடலாம் என்று ஆசைப்பட்டால் அது காயும்போது சுருங்கி, வெடித்த வயல் போலப் பிளந்துவிடும். முதல் கையைப் பள்ளம் நிரம்பும் அளவுக்கு மட்டும் அழுத்தி, வரிகளின் போக்குக்குக் குறுக்காக இழுங்கள். வரியோடு சேர்த்து இழுத்தால் தகடு பள்ளத்திலிருக்கும் சரக்கை வழித்துக்கொண்டு வந்துவிடும். ஒரு நாள் காய விட்டு இரண்டாவது கை, மறுநாள் மூன்றாவது கை. கடைசி இரண்டுக்கும் 12 அங்குலத் தகடு இருந்தால் நல்லது.

தேய்ப்பதற்கு 150-ஆம் நம்பர் உப்புத்தாள், முடிப்பதற்கு 220 போதும். தேய்த்த பின் இரவில் மின்விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பகலில் கண்ணாடி போலத் தெரிந்த சுவரில் எத்தனை மேடு பள்ளம் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். அவற்றுக்குப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்துக்கொண்டு மறுநாள் சரிசெய்யலாம்.

வெப்பத் துப்பாக்கி வைத்து உரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, படிகத்துக்குள் கட்டுண்டிருக்கும் நீர். சூடு 100 டிகிரியைத் தாண்டிச் சற்று நேரம் நின்றால் அந்த நீர் வெளியேறி, காகிதத்துக்குப் பின்னால் பலகை பொலபொலத்துவிடும். பெயிண்ட் ரிமூவரும் வேண்டாம், அது காகிதத்துக்குள் ஊறி நின்றுவிடும்.

உடுமலைக்காரன் எழுதியது:

மேலே எழுதியவர் தொழில் தெரிந்தவர், அவர் சொன்ன முறையில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் 140 சதுர அடிக்கு மூன்று கை பட்டியும், இடையிடையே காயவிடுவதும், தேய்ப்பதும், அந்தத் தூசியைத் துடைத்து மாளாததுமாக ஒரு வாரம் ஓடிவிடும். கட்டட வேலைகளை மேற்பார்வை பார்க்கிறவன் என்ற முறையில் நான் வேறு வழியையும் எண்ணிப் பார்க்கச் சொல்வேன். 6 அடிக்கு 4 அடி போர்டு ஒன்று 24 சதுர அடி. உங்கள் சுவரின் ஒரு பக்கத்துக்கு ஆறு போர்டு கணக்கில் போதும், வெட்டுச் சேதாரத்துக்கு ஒன்று சேர்த்து ஏழு வாங்கலாம். பழைய போர்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக அடித்தால், அல்லது பழையதன் மேலேயே இன்னொரு அடுக்கு அடித்தால், இணைப்புகளையும் ஸ்க்ரூ தலைகளையும் மட்டும் மூடினால் போதும்.

மேலேயே அடிப்பதாக இருந்தால் வழக்கமான 25 மி.மீ. ஸ்க்ரூ உதவாது, இரண்டு போர்டுகளைக் கடந்து தகரச் சட்டத்தைக் கவ்வ 35 மி.மீ. வேண்டும். பழைய இணைப்புக்கு நேராகப் புதிய இணைப்பு வராதபடி மாற்றி வைக்க வேண்டும். சுவர் 12.5 மி.மீ. முன்னுக்கு வருவதால் சுவிட்ச் பெட்டிகள் உள்ளே புதைந்து நிற்கும், கதவுச் சட்டத்தின் ஓரமும் சுவருக்குள் போய்விடும். இந்த இரண்டையும் முன்கூட்டியே பார்க்காமல் போர்டை அடித்துவிட்டு, பிறகு எலக்ட்ரீசியனோடு வாக்குவாதம் செய்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சுவரில் சுவிட்ச் பெட்டியும் கதவும் இல்லை என்றால் இந்த வழி மிக எளிது. இருந்தால் பட்டி வழியே மேல் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆஸ்பெஸ்டாஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த வீடியோக்கள் பேசுவது, அமெரிக்காவில் முன்பு கூரைகளில் பொரி ஒட்டியது போலத் தெளித்த பூச்சைப் பற்றி. அழகுக்காகத் தெளிக்கும் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பதை அந்நாட்டில் 1978-இல் தடை செய்தார்கள். அதற்கு முந்திய வீடுகளில் சுரண்டுவதற்கு முன் சோதிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு நியாயமான எச்சரிக்கை. 2015-இல் இங்கே அடித்த அக்ரிலிக் டெக்ஸ்ச்சருக்கு அந்தக் கவலையைக் கொண்டுவர வேண்டியதில்லை. உங்கள் கவலை இரண்டு வேறு தூசிகளைப் பற்றியதாக இருக்கட்டும். டெக்ஸ்ச்சரில் உள்ளது குவார்ட்ஸ் மணல் என்றால், உலர்ந்த நிலையில் தேய்க்கும்போது எழும் பொடி நுரையீரலுக்கு ஆகாது. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது ஒன்றும் கட்டாததற்குச் சமம், என்95 முகக்கவசம் போட வேண்டும். இன்னொன்று, வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் வேலை அதற்கு முந்தியது. தண்ணீரில் கலக்கும் சுவர் பெயிண்டைவிட, கதவு நிலைகளில் அடித்த பழைய எனாமலில்தான் இதைக் கவனிக்க வேண்டும். அவற்றை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், வேலை நடக்கும் நாட்களில் மகளை அந்த மாடிக்கு விடாதீர்கள்.

ஆடி மாதத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் உடுமலையில் காற்றாலைகளைச் சுற்றுவதோடு நிற்பதில்லை, ஈரப் பட்டியில் மண்ணையும் அப்பிவிட்டுப் போகும். உங்கள் பக்கம் மண்ணோடு பஞ்சும் சேர்ந்து வரும். வேறு வழியில்லை என்றால் மேற்குப் பக்கத்துச் சன்னல்களை மூடிவிட்டுக் கிழக்குப் பக்கத்தை மட்டும் திறந்து வையுங்கள்.

கரூர் நெசவு எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு? நல்ல கனமான வால்பேப்பர் ஒட்டிவிட்டால் முடிந்ததே?

சிங்கை ரோலர் எழுதியது:

ஒட்டலாம், ஆனால் 2 மி.மீ. வரிகளின்மேல் ஒட்டிய தாள் மேடுகளில் மட்டும் பிடித்துப் பள்ளங்களில் அந்தரத்தில் நிற்கும், விரலால் அழுத்தினால் கிழியும். சுவரைச் சமப்படுத்திய பிறகு ஒட்டுவதாக இருந்தால் தாராளமாக ஒட்டுங்கள். அப்போது பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

ஈரோட்டு மருமகள் எழுதியது:

புதிய தடுப்பில் டெக்ஸ்ச்சர் அடிப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். நான் தொழில்காரி இல்லை. எங்கள் வீட்டில் பூஜை அறைக்கும் கூடத்துக்கும் நடுவே வைத்த ஜிப்சம் தடுப்பில் நானும் என் கொழுந்தனாருமாக அடித்துக் கெடுத்து, பிறகு அதே சுவரில் ஒழுங்காக அடித்தவர்கள் நாங்கள். கெடுத்த கதையைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு ஒரு வாரம் மிச்சமாகும்.

முதல் முறை நாங்கள் இணைப்புகளில் டேப் ஒட்டி, காம்பவுண்டை இழுத்துத் தேய்த்ததோடு சரி. டெக்ஸ்ச்சர்தானே அடிக்கப் போகிறோம், அது எல்லாவற்றையும் மூடிவிடும் என்று பிரைமர் அடிக்காமல் நேரே ரோலரை எடுத்துவிட்டோம். வெறும் காகிதம் தண்ணீரை ஒரு விதமாகவும், காம்பவுண்ட் இழுத்த இணைப்பு இன்னொரு விதமாகவும் குடித்ததால், காய்ந்த பின் ஒவ்வொரு இணைப்பும் பட்டை பட்டையாக வேறு நிறத்தில் தெரிந்தது. நான்கு போர்டுகளின் எல்லையை வரைபடத்தில் காட்டியது போல இருந்தது. அதைவிட மோசம், ஓரத்தில் ஒட்டியிருந்த மாஸ்கிங் டேப்பை இரண்டு நாள் கழித்து உரித்தபோது டெக்ஸ்ச்சரும் காகிதத்தின் மேலடுக்கும் சேர்ந்து நாடாவாகக் கழன்று வந்தன. மூத்தவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, எங்கள் தொட்டிக்கட்டு வீட்டில் முட்டை வெள்ளைக்கரு போட்டு மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர் எத்தனை தலைமுறையாக நிற்கிறது தெரியுமா என்று அரை மணி நேரம் பேசினார். அவர் சொன்னது உண்மைதான், ஆனால் காகிதத்தின்மேல் சுண்ணாம்பு நிற்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது முறை செய்தது இது. இணைப்புகளையும் ஸ்க்ரூ தலைகளையும், டெக்ஸ்ச்சரே அடிக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டு சமப்படுத்தினோம். மெல்லிய டெக்ஸ்ச்சர் எதையும் மறைக்காது, பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் இன்னும் எடுத்துக்காட்டும். பிறகு ஜிப்சம் போர்டுக்கு என்றே விற்கும் தண்ணீர்ப் பிரைமரை முழுச் சுவருக்கும் இரண்டு கை அடித்தோம். காகிதமும் காம்பவுண்டும் ஒரே அளவில் உறிஞ்சும்படி செய்வது இந்தப் பிரைமர்தான். பின்னாளில் மகள் டெக்ஸ்ச்சரை எடுக்க நினைத்தால், காகிதத்துக்கும் டெக்ஸ்ச்சருக்கும் நடுவில் நின்று காகிதத்தைக் காப்பாற்றப் போவதும் இதுவே. உங்கள் மாமனார் சுவரில் இந்தப் பிரைமர் அடித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், அடித்திருந்தால் அவ்வளவு எளிதாகக் காகிதம் வந்திருக்காது.

சின்னப் பிள்ளை இருக்கும் அறை என்பதால் மணல் கலந்த டெக்ஸ்ச்சரை நான் சொல்ல மாட்டேன். ஜாயிண்ட் காம்பவுண்டைத் தண்ணீர் விட்டுத் தளர்த்தி, தடித்த ரோம ரோலரால் உருட்டினால் சின்னச் சின்ன முனைகளாக எழும்பி நிற்கும். பதம் மிகவும் முக்கியம். இட்லி மாவை விடக் கெட்டியாக இருந்தால் ரோலர் உருளாமல் இழுபடும், தோசை மாவுப் பதத்துக்கு இளகினால் முனைகள் நிற்காமல் வழிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் ஒரு கணம் யோசித்துவிட்டு விழ வேண்டும். உருட்டிய பின் ஈரப் பளபளப்பு அடங்கும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, அகலத் தகட்டை எடை கொடுக்காமல் படுக்கவைத்து மேலே தடவினால் முனைகள் மட்டும் தட்டையாகி, மேகம் சிதறியது போன்ற தோற்றம் வரும். கையை வைத்தால் குத்தாது, துணியும் மாட்டாது. எங்கள் ஈரோட்டுச் சித்திரை வெயிலில் அந்தப் பத்து நிமிடம் ஐந்தாகிவிடும், அதனால் காலை எட்டு மணிக்குள் தொடங்கினோம்.

ஒரு பெரிய போர்டுத் துண்டில் முதலில் ஒத்திகை பாருங்கள். முழுச் சுவருக்குமான சரக்கை ஒரே வாளியில் கலந்துகொள்ளுங்கள், இரண்டாவது வாளி ஒருபோதும் முதல் வாளியின் பதத்தில் வராது. ஒருவர் உருட்ட ஒருவர் தகடு பிடிக்க, மூலையில் தொடங்கி மறு மூலையில்தான் நிறுத்த வேண்டும். நடுவில் தேநீர் குடிக்கப் போனால் அந்த இடத்தில் கோடு விழுந்துவிடும். மாஸ்கிங் டேப்பை ஈரமாக இருக்கும்போதே, சுவரை ஒட்டிச் சாய்வாக இழுத்து உரித்துவிடுங்கள். ஒரு நாள் முழுவதும் காய்ந்த பின் இன்னொரு கை பிரைமர், அதன்மேல் கழுவக்கூடிய பெயிண்ட் இரண்டு கை. பெயிண்ட் அடிக்காமல் விட்டால் ஈரத்துணி பட்டதும் முனைகள் கரைந்துவிடும்.

அவினாசிக்காரர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உடுமலைக்காரர் சொன்ன போர்டு வழியை முதலில் ஆர்வமாகப் பார்த்தேன். ஆனால் அந்தச் சுவரில் மூன்று சுவிட்ச் பெட்டிகளும் ஒரு கதவும் இருப்பதால் பட்டி வழியிலேயே இறங்கினோம். அப்பளமான இடத்தைக் கீறி உரித்து, ஆயில் பிரைமர் அடித்து, மேலே பட்டி இழுத்திருக்கிறோம். உப்பவே இல்லை. கட்டிலின் தலைமாட்டில் வரப்போகும் 3 அடி அகலத்தை மட்டும் சோதனையாகச் சீவி, பிரைமர் அடித்து, முதல் கை இழுத்தோம். தகடு கிரீச்சிடும் என்று சிங்கை ரோலர் எழுதியிருந்ததை எங்கள் பெயிண்டர் முதலில் நம்பவில்லை. இப்போது சத்தம் மாறினாலே கையை எடுத்துவிடுகிறார்.

ஆனால் காய்ந்த முதல் கையில், ஊசியால் குத்தியது போல நூற்றுக்கணக்கான சிறு துளைகள் தெரிகின்றன. சில இடங்களில் குமிழிகளும் இருந்தன. சீக்கிரம் காயட்டும் என்று மேசை மின்விசிறியைச் சுவரைப் பார்த்து வைத்திருந்தோம், தவறு அதுவா? சரக்கை மாற்ற வேண்டுமா?

சிங்கை ரோலர் எழுதியது:

சரக்கில் குறை இல்லை சார். பழைய பெயிண்டின்மேல் பட்டி இழுத்தால் இது வரும். வெறும் போர்டாக இருந்தால் சரக்கிலுள்ள ஈரத்தில் ஒரு பகுதியைக் காகிதம் உள்ளே இழுத்துக்கொள்ளும். பெயிண்ட் இழுக்காது. அதனால் வரிகளின் பள்ளத்தில் சிக்கிய காற்று பின்பக்கம் போக இடமில்லாமல் முன்பக்கம் வந்து வெடிக்கிறது, வெடித்த இடம் துளையாகிறது. மின்விசிறி காற்று மேல்தோலை மட்டும் முதலில் காய்த்துவிட்டதால் காற்று வெளியேறவும் நேரம் கிடைக்கவில்லை. விசிறியைச் சுவரைப் பார்த்து வைக்காதீர்கள், கூரை விசிறியை மெதுவாக ஓட விட்டு எதிர்ப்பக்கச் சன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

இரண்டாவது கைக்குச் சரக்கில் சிறிது தண்ணீர் சேர்த்து, குமிழி எழாதபடி மெதுவாகக் கிளறுங்கள். டிரில்லில் மாட்டி வேகமாகச் சுற்றினால் வாளிக்குள்ளேயே காற்றைச் சேர்த்துவிடுவீர்கள். தகட்டைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, துளைக்குள் சரக்கு போகும்படி அழுத்தி, மேலே ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாத அளவுக்கு வழித்து எடுங்கள். பத்து நிமிடம் கழித்துச் சரக்குத் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரும்போது, வெறும் தகட்டால் இன்னொரு முறை இறுக்கி இழுத்தால் மிஞ்சிய துளைகளும் அடைந்துவிடும். அந்தக் கை காய்ந்த பின் கைவிளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, துளை இல்லை என்றால் மட்டும் மீதி 11 அடிக்குப் போங்கள்.

அவினாசிக்காரர் எழுதியது:

இரண்டாவது கை நேற்று இழுத்தோம். நீங்கள் சொன்னபடி இறுக்கி வழித்ததில் துளைகள் அடைந்துவிட்டன, இரவில் விளக்குப் பிடித்துப் பார்த்ததில் மூன்றே இடத்தில் பென்சில் வட்டம் போட்டோம். மீதிச் சுவரைத் திங்கட்கிழமை சீவத் தொடங்குகிறோம். புதிய தடுப்புக்கு ஈரோட்டுச் சகோதரி சொன்னபடி ஒரு துண்டு போர்டில் மகளே ரோலர் உருட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பதம் இன்னும் தோசை மாவிலேயே இருக்கிறது.